இல்லை என்று சொல்ல நடந்து வருகிறவர்

எங்கள் முள்ளிப்பட்டில் இராஜமாணிக்கம் அண்ணன் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றால், அந்த வீட்டுக்காரர்கள் முதலில் அவர் கால்களைத்தான் பார்ப்பார்கள். சைக்கிளில் வந்தால் வேறு வேலையாக வந்திருக்கிறார் என்று அர்த்தம். சைக்கிளை விட்டுவிட்டு நடந்து வந்திருந்தால் முடிந்தது கதை. எங்கள் நோய் நிதியில் அதுதான் வழக்கம். கேட்ட பணம் உண்டு என்றால் போன் வரும். இல்லை என்றால் ஆள் வருவார். அந்த ஆள் அவர்தான்.

வந்து உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, எல்லார் வீட்டிலும் ஒரே வார்த்தைகளைத்தான் சொல்வார். "இந்த மாசம் உனுக்கு இல்லம்மா. ஏன்னு சொல்றேன், கேட்டுக்கோ. திட்டணும்னா அப்புறம் திட்டு."

எட்டு வருஷமாக இந்த ஊரில் அதிகம் திட்டு வாங்கியவர் அவர். அதில் என் பங்கும் உண்டு. சின்னப் பங்கு என்று சொல்ல முடியாது. வாங்கிய திட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நேரில் சொன்னால் எழுந்து போய்விடுவார். அதனால் எழுதுகிறேன். என் பெயர் கலையரசி. பிளஸ் டூ வரை படித்தேன், பட்டு நெய்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார் என் வீட்டுக்காரர் குணா. கொஞ்சம் என்று அவர் சொல்வது மரியாதைக்காக.

இராஜமாணிக்கம் அண்ணனுக்கு இந்த ஊர் சொந்த ஊர் இல்லை. சந்தவாசல் பக்கம் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இருபத்திரண்டு வயதில் இந்த ஊர் சாவித்திரி அண்ணியைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். வந்த மறு வாரமே மாமனார் அவரைத் தறிக்குழியில் இறக்கிவிட்டார். முதல் சேலையின் கரை ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனதாம். அண்ணி இன்றும் அதைப் பீரோவில் வைத்திருக்கிறார். வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் அந்தச் சேலை வெளியே வரும்.

ஆனால் விரல் அவருக்குச் சாமி கொடுத்த விரல். பத்து வருஷத்துக்குள், சேலைகளைச் சரிபார்த்து வாங்க ஆரணி முதலாளிகள் அவரைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சேலையை மடியில் போட்டு, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரலால் தடவிக்கொண்டே போவார். "இங்க எழுந்து போயிட்டு வந்திருக்கான்" என்பார். "இங்க வேற ஆளு உக்காந்து நெய்ஞ்சிருக்குது" என்பார். நெய்தவரைக் கேட்டால் அசடு வழியச் சிரிப்பார்கள்.

நோய் நிதி தொடங்கியபோது செயலாளராக அவரைப் போட்டதற்கும் அந்த விரல்தான் காரணம். தப்பு கண்டுபிடிக்கிற ஆள் கணக்கில் தப்பு விடமாட்டார் என்று தலைவர் சுப்பன் மாமா சொன்னாராம். இருநூற்றுப் பத்துத் தறிகள். ஒவ்வொரு தறியிலும் ஏற்றிய நூல் பாவு முடிந்து சேலைகளை அறுக்கும்போது நூறு ரூபாய் நிதிக்கு. பெரிய ஆபரேஷனுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அட்டை தொடாத செலவுகள் இருக்கின்றனவே, மாதா மாதம் மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, ஸ்கேன், அவற்றுக்குத்தான் இந்த நிதி. மாதம் இரண்டாம் ஞாயிறு, பால் சொசைட்டி மாடியில் கமிட்டி கூடும். ஏழு பேர்.

முதல் வருஷம் எல்லாம் மனசு போன போக்கில்தான் நடந்தது. தனக்கோடி என்று ஒருவர், நாற்பது வயது. மூச்சு விட முடியாமல் வேலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்துக் கிடந்தார். அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு கமிட்டி முன்னால் வந்து உட்கார்ந்து அழுதாள். யாருக்குத்தான் தாங்கும்? இருந்த பணம் அத்தனையும் கொடுக்கலாமா என்று சுப்பன் மாமா கேட்டபோது முதலில் தூக்கிய கை இராஜமாணிக்கம் அண்ணனுடையது. பதினோராம் நாள் தனக்கோடி இறந்துபோனார். கொடுத்தது தப்பு என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன்.

ஆனால் அதே மாதம் காத்தாயி அக்காவும் எழுதிக் கொடுத்திருந்தாள். தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றுகிறவள். சர்க்கரை வியாதி, காலில் புண். ஆறு வாரம் கட்டுக் கட்டி மாத்திரை சாப்பிட நாலாயிரம் ரூபாய் கேட்டிருந்தாள். நிதியில் நானூறு ரூபாய்கூட இல்லை. அதை அவளிடம் போய்ச் சொல்லவும் யாருக்கும் மனசு வரவில்லை. சொல்லாமலே விட்டார்கள். ரெண்டு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போன அண்ணனிடம் அவள் கோபமாக ஒன்றும் சொல்லவில்லையாம். "போன் வரும்னு பாத்துகினே இருந்தேண்ணா" என்றாளாம்.

அடுத்த கமிட்டியில் அவர் எழுந்து பேசினார். அவர் எழுந்து பேசுவதே அபூர்வம்.

"எதிர்ல உக்காந்து அழுதவங்கள பாத்து கை தூக்கினேன். வந்து உக்காராதவங்கள நான் நெனச்சே பாக்கல. நமக்குள்ள ஒரு கணக்கு வேணும். அழறவங்களுக்கும் அழாதவங்களுக்கும் ஒரே கணக்கு."

அப்படி வந்ததுதான் கோடு. ஒரு வைத்தியம் செய்தால் எத்தனை நாள் தறி மறுபடி ஓடும் என்று, ஆரணியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சரண்யா எழுதித் தருவார். மாதம் ஒரு ஞாயிறு காசு வாங்காமல் எங்கள் ஊருக்கு வந்துபோகும் பிள்ளை அது. செலவை அந்த நாட்களால் வகுத்தால், ஒரு தறி நாளுக்கு எவ்வளவு என்று தெரியும். அண்ணன் முந்தைய மனுக்களையெல்லாம் எடுத்து, குறைந்த செலவில் நாள் கிடைக்கும் மனுவை மேலேயும், அதிகம் ஆகும் மனுவைக் கீழேயும் வைத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினார். மேலிருந்து ஒவ்வொன்றாகப் பணம் கொடுப்பதுபோலக் கழித்துக்கொண்டே வந்தார். ஒரு நாளுக்கு நூற்றைம்பது ரூபாய் என்ற இடத்தில் பணம் தீர்ந்தது.

"கோட்ட நான் போடல. பணம் தீந்த எடத்துல அதுவா நிக்குது" என்றாராம். நூற்றைம்பதைத் தாண்டும் வைத்தியம் கெட்ட வைத்தியம் என்று அர்த்தமில்லை. அதற்குக் கொடுத்தால், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் இரண்டு பேருக்கு இல்லாமல் போகும். அவ்வளவுதான்.

கூடவே இரண்டு வழக்கங்களையும் அவர் கொண்டுவந்தார். கமிட்டியில் 'இல்லை' பெயர்களைத்தான் முதலில் வாசிக்க வேண்டும், சத்தமாக, அப்பா பெயரோடு. அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஆள் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். இனி ஒருத்தரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்காரக்கூடாது.

வருஷத்துக்கு ஒன்பது பேருக்கு உதவிய நிதி, அதே பணத்தில் நாற்பது பேருக்கு உதவியது. செல்லியம்மாள் சின்னம்மா இன்று மூச்சு இரைக்காமல் தெருக்குழாயில் சண்டை போடுகிறாள் என்றால் அந்தக் கோட்டின் புண்ணியம். அவர் நடந்து போன வீடுகளில் திட்டு குறையவில்லை. ஒரு வீட்டில் தண்ணீர்ச் செம்பு அவர் மேலேயே பறந்தது. சட்டையைப் பிழிந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

இனி என் கதை.

எனக்கு மாதா மாதம் ஏழு நாள் அடிவயிற்றில் வலி வரும். எல்லாருக்கும் வருவதுதானே என்று பதினைந்து வருஷம் ஓட்டினேன். போகப் போக, முதல் மூன்று நாள் உள்ளே கத்தியை விட்டுத் திருகுவதுபோல ஆகிவிட்டது. கர்ப்பப்பைக்கு வெளியே வளரக் கூடாத சதை வளர்ந்திருக்கிறது, இரண்டு வருஷமாவது மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர் சரண்யா. மாதம் ஐந்நூறு ரூபாய். பெரிய தொகை இல்லை என்று தோன்றும். அரிசி மில்லில் மூட்டை தூக்கும் புருஷனும், முதலாளி கொடுக்கும் பாவை நெய்யும் நானும், காலேஜில் ஒரு மகளும் இருக்கும் வீட்டில் அந்த ஐந்நூறு எப்போதும் வேறு எதற்காவது போய்விடும். நாலு மாதம் வாங்குவேன், ஆறு மாதம் விடுவேன். விட்டால் வலி வட்டியோடு வரும்.

வலிக்காக நான் தறியை நிறுத்தியதில்லை. சேலைக்குத் தேதி சொல்லி வாங்கியிருப்பேன். வயிற்றில் ஈரத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிதியில் கால் வைப்பேன். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மூன்று வருஷம் முன்னால் நிதிக்கு எழுதிக் கொடுத்தேன். கமிட்டி முன்னால் போய், ஏழு ஆம்பளைகளிடம், எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று மறைக்காமல் சொன்னேன். சுப்பன் மாமா நான் பேசி முடிக்கும்வரை சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதத்தின் முகூர்த்த நாளெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். படிவத்தில், 'கடந்த ஆறு மாதத்தில் நோயால் தறி நின்ற நாட்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. நிமிர்ந்த தலையோடு பூஜ்யம் என்று எழுதினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் நடந்து வந்தார்.

குழியில் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை. அது இரண்டாம் நாள். மகள் தண்ணீர் கொடுத்தாள். "இந்த மாசம் உனுக்கு இல்லம்மா. ஏன்னு சொல்றேன், கேட்டுக்கோ" என்று ஆரம்பித்தார். மாத்திரைக்குப் பணம் கொடுத்தாலும் கணக்கில் ஒரு தறி நாள்கூடக் கூடவில்லை, ஏனென்றால் ஒரு நாளும் குறையவே இல்லை என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அப்போ நான் மாசம் பத்து நாளு தறிய நிறுத்திட்டு படுத்துகினு இருந்திருந்தா காசு குடுத்திருப்பீங்க. பல்ல கடிச்சிகினு ஓட்டினதுக்கு பூஜ்யம். அப்படித்தானே?"

"ஆமாம்மா" என்றார். "அப்படித்தான் வருது."

"ஒங்க கணக்கும் வேணாம், கோடும் வேணாம். கெளம்புங்க. எனக்கு வியாழக்கெழம சேலை குடுக்கணும்."

ஊடை நூல் ஓடும் நாடாவைத் தள்ளி, இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடித்தேன். அவர் கிளம்பவில்லை. தறிப் பக்கம் வந்து, நெய்த துணி சுருண்டிருக்கும் படமரத்தின் மேல் கையை வைத்தார். சேலைக்காரர் அல்லவா, கை சும்மா இருக்காது. "கொஞ்சம் தளத்துறியா?" என்றார். வேண்டாவெறுப்பாகத் தளர்த்தினேன். ஒரு மாதத்துக்கும் மேல் நெய்த துணி. சுருளைப் பிரித்து, கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு விரலால் தடவிப் போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. பின்னால் போய்த் திரும்ப வந்தது.

"இங்க இன்னாம்மா ஆச்சி? ரெண்டு மொழத்துக்கு ஊடை நெருங்கி கெடக்குது. பலகைய இவ்ளோ ஓங்கி அடிச்சிருக்கியே."

யோசித்துப் பார்த்தேன். "அது போன மாசம், மொத மூணு நாளு."

பாதி நெய்திருந்த சேலைக்கு வந்தார். குழி ஓரம் வரை வந்து, நேற்றும் இன்றும் நெய்த இடத்தில் விரலை வைத்தார். அங்கேயும் அதே நெருக்கம். இந்த முறை அவர் ஏன் என்று கேட்கவில்லை. வலிக்கும்போது கத்துவதற்குப் பதிலாகப் பலகையை ஓங்கி அடித்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் என் வலியை ஒருத்தர் கையால் தொட்டுப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"தறி நின்னாத்தான் நோயின்னு எழுதி வெச்சது நாந்தாம்மா" என்றார். தண்ணீரைக் குடிக்காமலே செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

இது நெசவுத் தெருவில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. பக்கத்து வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்பது எங்களுக்குத் தறிச் சத்தம் நின்றால்தான் தெரியும். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் எல்லாரும் சுகம். அதையே அவர் படிவத்தில் எழுதினார். நாங்கள் அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போட்டோம். ஐந்து வருஷம் யாருக்கும் உறைக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சாவித்திரி அண்ணியிடம், "உனுக்கு எங்கனா வலிக்குதா?" என்று கேட்டாராம். "இத்தினி வருசம் கழிச்சி இன்னா திடீர்னு?" என்று அண்ணி சிரித்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சொன்னாராம்.

அடுத்த மாதம் புதுக் கணக்கோடு வந்தார். அணாவைக் கண்ணால் பார்த்திராத எங்களுக்கு அணாக் கணக்கு. நல்லபடியாக இருக்கும் ஒரு நாள், அந்தக் காலத்து முழு ரூபாய்போல, பதினாறு அணா. நோயோடு கழியும் நாளை எத்தனை அணா நாள் என்று நோயாளியே சொல்ல வேண்டும். தூங்க முடிந்ததா, சாப்பிட முடிந்ததா, பிள்ளையோடு சிரித்துப் பேச முடிந்ததா என்று டாக்டர் சரண்யா ஒவ்வொன்றாகக் கேட்டு, சொல்கிற அணா சரிதானா என்று பார்ப்பார். தறி ஓடினாலும் நின்றாலும் சரி, குறைகிற அணாக்களைக் கூட்டி நாளாக்கி, செலவை அதனால் வகுக்க வேண்டும்.

என் வலி நாட்களுக்கு நாலு அணா என்றேன். சரண்யா அரை மணி நேரம் குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, நாலு சரிதான் என்று எழுதினார். இரண்டு வருஷ மாத்திரைக்கு, நாள் ஒன்றுக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய் வந்தது. பூஜ்யமாக இருந்தவள் ஒரே மாதத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

நான் மட்டுமா வந்தேன்? அந்த மாதமே பதினோரு பெண்கள் எழுதிக் கொடுத்தார்கள். நாலு வருஷமாகத் தூக்கமில்லாத கீதா, மண்டையிடியில் கண் இருட்டினாலும் தார் சுற்றுகிற கெங்கம்மாள், யாரும் நினைத்தே பார்க்காதவர்கள். எல்லாருடைய தறியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பணம் மட்டும் அதேதான். கமிட்டியில் சுப்பன் மாமா தலையைச் சொறிந்தார். "இத்தினி பேரு உள்ள வந்தா, கோட்ட எறக்கணுமே மாணிக்கம். நூத்தம்பதுல நின்னா ஆறு மாசத்துல நிதி காலி. எறக்கினா, முன்ன உண்டுன்னு இருந்தவங்களுக்கு இல்லாம போவும்."

"போவும்" என்றார் அண்ணன். "யாருக்கு போவுதுன்னு தெரிஞ்சே எறக்கணும்."

திரும்பவும் தரையில் மனுக்களைப் பரப்பினார்கள். இந்த முறை நூற்றுப்பத்து ரூபாயில் பணம் தீர்ந்தது. புதுக் கோடு என்பதால், மனுக் கொடுத்த எல்லாரையும் அந்த ஞாயிறு மாடிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நானும் போயிருந்தேன், கதவோரம் நின்றேன். வழக்கப்படி அண்ணன் 'இல்லை' பெயர்களை வாசிக்க எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எல்லார் பெயரையும் வாசிக்கும் அதே குரலில் வாசித்தார்.

"மொத பேரு. இராஜமாணிக்கம், அப்பா பேரு சின்னப்பையன். வலது முழங்கால். வேலூர்ல ஊசியும் பயிற்சியும் ரெண்டு வருசம், இருவத்து நாலாயிரம். நாளுக்கு நூத்து முப்பத்து மூணு ரூபா. இல்ல."

அடுத்த பெயரை வாசிக்கத் தொடங்கிவிட்டார். எங்களுக்குத்தான் அடுத்த பெயர் காதில் விழவில்லை.

முப்பத்தைந்து வருஷம் குழித்தறியில் மிதித்த முழங்கால். அவருக்கு வலி இருப்பது எங்களுக்குத் தெரியும். நிதிக்கு எழுதிக் கொடுத்திருந்தது தெரியாது. பழைய கோட்டில் அந்த மாதமே அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பணம் அது. கூட்டம் கலையும்போது டாக்டர் சரண்யா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இவருக்கு தெனமும் வலி. எத்தனை அணா நாள்னு கேட்டேன். பத்துன்னு சொல்லியிருந்தா புதுக் கோட்டுலயும் தேறியிருப்பாரு. அந்தக் கணக்கு அவருக்கு என்னைவிட நல்லாத் தெரியும். பன்னெண்டுன்னாரு. எப்படிக் கேட்டாலும் பன்னெண்டுதான்னு நின்னுட்டாரு."

அதற்குள் இன்னொரு சங்கடம் வந்திருந்தது. 'இல்லை' என்று வந்த வீட்டுக்கு அன்றைக்கே ஆள் போய்ச் சொல்ல வேண்டும். சொல்கிற ஆள் அவர்தான், அவரும் மற்ற வீடுகளுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். அவருக்கு யார் போய்ச் சொல்வது? சுப்பன் மாமா மற்ற ஐந்து பேரையும் பார்த்தார். ஐந்து பேரும் அவரவர் செருப்பைத் தேடினார்கள். "அவருக்குத்தான் தெரியுமே, எதுக்கு போயி பேஜாரு" என்றார் ஒருவர்.

"காத்தாயி அக்கா கிட்டயும் இப்படித்தான் போயி சொல்லாம விட்டீங்க" என்றேன். "நான் போறேன்."

இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. நான் போய்ச் சேரும்போது அவர் அப்போதுதான் மற்ற மூன்று வீடுகளில் சொல்லிவிட்டு வந்து, நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எல்லாரையும்போல அவரும் முதலில் என் கால்களைத்தான் பார்த்தார். புரிந்துகொண்டார். எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்கண்ணா" என்றேன். சாவித்திரி அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"இந்த மாசம் உங்களுக்கு இல்லண்ணா. ஏன்னு சொல்றேன், கேட்டுக்கோங்க."

"சொல்லும்மா" என்றார். கேட்கிறவர்கள் எப்படி உட்கார்ந்திருப்பார்களோ அப்படியே உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு.

வழியெல்லாம் கணக்கை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். நூற்று முப்பத்து மூன்று, நூற்றுப்பத்து என்று. வாயைத் திறந்தால் அது வரவில்லை. "ஏன்னா அது எனக்கு வந்துச்சிண்ணா" என்றேன். "எனக்கும் கீதாவுக்கும் கெங்கம்மாளுக்கும். உங்க கால எடுத்து எங்களுக்கு குடுத்துட்டாங்க. திட்டணும்னா திட்டுங்க."

எத்தனையோ வீடுகளில் போய் அவர் என்ன சுமந்திருக்கிறார் என்று அந்த நாலு வார்த்தையில் எனக்குத் தெரிந்துபோனது. நான் அழுதேன். அண்ணி அடுப்படி வாசலிலேயே நின்றார்.

அவர் திட்டவில்லை. "இல்லன்னு வந்தவங்க ஒரு கேள்வி கேக்கலாமில்ல?" என்றார்.

"கேளுங்கண்ணா."

"மாத்திர வாங்கிட்டியா?"

"நாளைக்கி."

"நாளைக்கி இன்னாத்துக்கு? அஞ்சே காலுக்கு ஆரணி பஸ்ஸு கீது. ஜல்தியா போனா புடிச்சிடலாம்."

தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடித்தேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் மாத்திரை போட்டேன். அதற்கப்புறம் ஒரு மாதம்கூட விடவில்லை. விட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அது யாருடைய கால் என்று தெரிந்து சாப்பிடுகிற மாத்திரை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப மனுக் கொடுக்கலாம். அவரும் கொடுத்தார். கோடு நூற்றுப் பதினைந்துக்கு ஏறியிருந்தது. அவர் முழங்கால் அதே நூற்று முப்பத்து மூன்றில் நின்றது. இப்போதாவது பத்து அணா என்று சொல்லக்கூடாதா என்று சரண்யா கேட்டதற்கு, நேற்று தெருவில் நின்று ஒரு மணி நேரம் அரட்டை அடித்த ஆள் எப்படிப் பத்து அணா என்று சொல்வது என்றாராம். மாடியில் அவர் பெயர் மறுபடியும் முதலில் வந்தது. இந்த முறை சுப்பன் மாமா யாரையும் பார்க்கவில்லை, நேராக என்னைத்தான் பார்த்தார்.

போகும்போது, மறுநாள் முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய சேலையையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்தச் சேலையை நெய்தபோது ஒரு மாதத்து வலி நாள் ஏழும் அதற்குள் வந்து போயிருந்தன. அண்ணன் வாசலுக்கு வந்து நின்றிருந்தார், கையில் கோல். இப்போது மத்தியானத்துக்கு மேல் அவரால் தறியில் உட்கார முடிவதில்லை. 'இல்லை' சொல்லப் போவதை மட்டும் விடவில்லை. கோல் சத்தம் தெருமுனையிலேயே கேட்டுவிடுவதால், திட்டுகிறவர்களுக்கு யோசித்துத் திட்ட நேரம் கிடைக்கிறது என்று சிரிப்பார்.

"இந்த மாசமும் இல்லண்ணா. ஏன்னு சொல்றேன்" என்றேன். முழுவதும் சொன்னேன். இந்த முறை கணக்கைத் தடுமாறாமல் சொன்னேன். அவர் தலையாட்டினார். கேள்வி ஒன்றும் இல்லை என்றார்.

"எனக்கு ஒண்ணு இருக்குது" என்று சேலையை அவரிடம் நீட்டினேன்.

வாசலில் கிடந்த கட்டிலின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து, சேலையை மடியில் பிரித்தார். கண்ணைத் தெருப் பக்கம் வைத்துக்கொண்டு முந்தானையிலிருந்து தொடங்கினார். சரிகையைத் தாண்டி, உடல் பாகத்துக்கு வந்து, முழம் முழமாக விரல் போனது. எங்கே நிற்கும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கும் நிற்கவில்லை. கடைசிவரை போய்விட்டு, சந்தேகம் தீராமல் மறுபடியும் முதலிலிருந்து ஒரு தடவை தடவிக்கொண்டு வந்தார். அந்த ஏழு நாளும் எந்த இடத்தில் இருக்கின்றன என்று அந்த விரலால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"சரியா கீது" என்றார். சேலை வாங்கும்போது எல்லாருக்கும் சொல்லும் அதே வார்த்தை. சொல்லிவிட்டு, மடிக்காமல் கொஞ்ச நேரம் கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.

அப்புறம் அண்ணியும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சேலையை மடித்தோம். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கோலை எடுத்தார். அன்றைக்கு அவர் சொல்ல வேண்டிய வீடுகள் இன்னும் இரண்டு இருந்தன.